ஒத்தைக்கு ஒத்தை: வெற்றிக்கு என்ன விலை?

2022 ஆகஸ்ட் 6. மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் 44-வது செஸ் ஒலிம்பியாட். எட்டாவது சுற்று. இந்தியாவின் இரண்டாவது அணிக்கு எதிரே போட்டியின் முதல் தரவரிசை அணியான அமெரிக்கா. முதல் பலகையில் பதினாறு வயது குகேஷ், எதிரே ஃபேபியானோ கருவானா. குகேஷின் ரேட்டிங் 2684. கருவானாவின் ரேட்டிங் 2783.

ஆட்டம் தொடங்கும் முன் வாசலில் ஒருவர் நின்றுகொண்டு, "குகேஷ் ஜெயித்தால் இந்தச் சீட்டுக்கு நூறு ரூபாய் தருவேன், ஜெயிக்காவிட்டால் ஒன்றும் கிடையாது. இப்போது என்ன விலைக்கு வாங்குவீர்கள்?" என்று கேட்டிருந்தால்?

ஐம்பது ரூபாயா? முப்பதா? பத்தா?

அப்படி யாரும் கேட்கவில்லை. ஆனால் இந்தக் கேள்வியை வைத்துத்தான் உலகத்தில் இன்று ஒரு பெரிய வியாபாரமே நடக்கிறது. அதற்குப் பெயர் கணிப்புச் சந்தை. அது எப்படி வேலை செய்கிறது, இரண்டு பேர் நேருக்கு நேர் மோதும் விளையாட்டுக்கு அது பொருந்துமா என்பதைத்தான் இங்கே பார்க்க வேண்டியிருக்கிறது. செஸ்ஸை வைத்துப் பார்ப்பது வசதி. மழை, பிட்ச், டாஸ், அம்பயர் என்று எந்தச் சாக்கும் இல்லாத ஆட்டம் அது. ஒத்தைக்கு ஒத்தை.

சீட்டுக்கு விலை வருவது எப்படி?

கணிப்புச் சந்தையில் விற்பது வெறும் சீட்டுதான். 'இது நடந்தால் நூறு ரூபாய், நடக்காவிட்டால் பூஜ்யம்.' அவ்வளவுதான்.

ஒருவர் "குகேஷ் ஜெயிக்க இருபது சதவீத வாய்ப்பு இருக்கிறது" என்று நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு அந்தச் சீட்டின் மதிப்பு இருபது ரூபாய். சந்தையில் அது பதினோரு ரூபாய்க்குக் கிடைத்தால் வாங்குவார். இன்னொருவர் "ஐந்து சதவீதம்கூட இல்லை" என்று நினைத்தால் அதே பதினோரு ரூபாய்க்கு விற்பார். வாங்குகிறவர்கள் அதிகமானால் விலை ஏறும். விற்கிறவர்கள் அதிகமானால் இறங்கும். கோயம்பேடு தக்காளிக்கும் இதே விதிதான்!

கடைசியில் விலை எங்கே வந்து நிற்கிறதோ, அதுதான் கூட்டத்தின் கணிப்பு. பதினெட்டு ரூபாயில் நின்றால் "குகேஷ் ஜெயிக்க 18 சதவீத வாய்ப்பு என்று எல்லோரும் சேர்ந்து சொல்கிறார்கள்" என்று அர்த்தம். தனியாக யாரும் அந்த எண்ணைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

செஸ்ஸில் ஒரு சிக்கல் உண்டு. முடிவு இரண்டு அல்ல, மூன்று. வெற்றி, டிரா, தோல்வி. ஆகவே மூன்று சீட்டு வேண்டும். குகேஷ் வெற்றி 11 ரூபாய், டிரா 50 ரூபாய், கருவானா வெற்றி 39 ரூபாய் என்று வைத்தால் கூட்டுத்தொகை நூறு. இந்த மூன்றில் ஏதோ ஒன்று நடந்தே ஆக வேண்டும் என்பதால் நூறு வந்துதான் தீர வேண்டும்.

மூன்றையும் சேர்த்து 96 ரூபாய்க்கு ஒருவரால் வாங்க முடிந்தால்? என்ன முடிவு வந்தாலும் கையில் நூறு. எந்த விஷய ஞானமும் இல்லாமல் நாலு ரூபாய் லாபம். உடனே பத்து பேர் ஓடி வந்து மூன்றையும் வாங்குவார்கள், விலை ஏறி நூறில் நிற்கும். சந்தை தன்னைத் தானே சரிசெய்துகொள்வது இப்படித்தான்.

பழைய காலத்து புக்கியிடம் இது நடக்காது. அவர் சொல்லும் விலைகளைக் கூட்டினால் 106, 108 என்று வரும். நூறுக்கு மேல் நிற்பது அவர் வீட்டுக்குப் போகும் பணம். கணிப்புச் சந்தையில் அந்த இடத்தில் கமிஷன் இருக்கும். பெயர் வேறு, ஆனால் பணம் போகும் திசை ஒன்றுதான்.

அயோவாவிலிருந்து நம்ம ஊர் லோக்கல் ரயில் வரை

இது புது யோசனை அல்ல. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் 1988-லேயே ஜனாதிபதித் தேர்தலுக்கு ஒரு சிறிய சந்தையை ஆராய்ச்சிக்காகத் தொடங்கியது. போடும் பணத்துக்கு உச்சவரம்பு வைத்து, "கருத்துக்கணிப்பை விட இது சரியாகச் சொல்கிறதா?" என்று பார்த்தார்கள். பல தேர்தல்களில் நன்றாகவே சொன்னது. பிறகு வந்தவை பெரிய கடைகள். பாலிமார்க்கெட், கல்ஷி என்ற பெயர்கள் 2024 அமெரிக்கத் தேர்தலின்போது எல்லா ஊர்ச் செய்தியிலும் அடிபட்டன. 2025 ஜனவரியில் கல்ஷி விளையாட்டுப் போட்டிகளுக்கும் சீட்டு விற்கத் தொடங்கியது. "இது வேறு பெயரில் நடக்கும் சூதாட்டம்தானே?" என்று பல அமெரிக்க மாநிலங்கள் சண்டைக்கு வந்தன.

இந்தியாவில் இதன் குட்டி வடிவம் 'ஒபினியன் டிரேடிங்' என்ற பெயரில் வந்தது. செங்கல்பட்டிலிருந்து பீச்சுக்குப் போகும் லோக்கல் ரயிலில் 2023, 2024 வாக்கில் ஏறியவர்களுக்கு நினைவிருக்கும். ஜன்னலோரம் உட்கார்ந்த கல்லூரிப் பையன்கள் பாதிப்பேர் கையில் போன், போனில் ஒரு கேள்வி. 'இன்றைய மேட்சில் இவர் ஐம்பது அடிப்பாரா?' ஆம் என்றால் ஆறு ரூபாய், இல்லை என்றால் நாலு ரூபாய். சரியாகச் சொன்னால் பத்து. சிங்கப்பெருமாள் கோயில் வருவதற்குள் நாலு கேள்வி முடிந்திருக்கும். ஆறு ரூபாய் ஒரு டீ விலைகூட இல்லையே என்றுதான் தொடக்கம். மாசக் கடைசியில் மெஸ் பில் கட்டும்போதுதான் எத்தனை டீ குடித்திருக்கிறோம் என்று தெரியும்.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஆன்லைன் விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆகஸ்ட் 22-ல் ஜனாதிபதி ஒப்புதல் தந்தார். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு திறமையா, அதிர்ஷ்டமா என்ற பழைய விவாதத்தையே அந்தச் சட்டம் ஓரம் கட்டிவிட்டது. எதுவாக இருந்தாலும் பணம் வைத்து ஆடினால் தடை. நடத்துகிறவருக்கு மூன்று வருடம் வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் என்று விதி. ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை. சட்டம் வந்த கையோடு பெரிய செயலிகள் பண ஆட்டத்தை நிறுத்திவிட்டன.

தமிழ்நாடு இதற்கு முன்பே போராடிய மாநிலம். ஆன்லைன் ரம்மியில் பணம் இழந்து தற்கொலை செய்துகொண்டவர்களின் செய்தி அடுத்தடுத்து வந்த காலம் அது. 2021-ல் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 ஜூனில் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழு அறிக்கை கொடுத்தது. அடுத்த மாதமே பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாட்! ஒரே அரசு ஒரு கையில் சூதாட்டத்தைத் தடுக்கும் சட்டத்தையும், இன்னொரு கையில் வேட்டி கட்டிய குதிரை 'தம்பி'யையும் வைத்துக்கொண்டிருந்தது. அந்தச் சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்றது. அதே வருடம் நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியும் போக்கரும் அதிர்ஷ்ட ஆட்டம் என்ற பகுதியை மட்டும் தள்ளியது.

இதற்கு நேர் எதிர்க் கட்சியும் உண்டு. அதைச் சும்மா தள்ளிவிட முடியாது. கிண்டி குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று 1996-ல் உச்ச நீதிமன்றமே சொன்னது. அப்படியிருக்க செஸ் போட்டியைக் கணிப்பது மட்டும் எப்படிச் சூது? செஸ்ஸைப் போலத் திறமைக்கு மட்டுமே இடமுள்ள ஆட்டம் வேறு ஏது? மேலும், சந்தை விலை என்பது ஒரு தகவல். அதைத் தடை செய்வது தெர்மாமீட்டரைத் தடை செய்வது மாதிரி இல்லையா?

நல்ல கேள்வி. பதில் பூஞ்சேரியிலேயே இருக்கிறது.

பணமே இல்லாத ஒரு சந்தை

செஸ்ஸுக்கு ஏற்கெனவே ஒரு கணிப்புச் சந்தை இருக்கிறது. அதில் ஒரு பைசா புழங்குவதில்லை. அதன் பெயர் ஈலோ ரேட்டிங்.

ஆர்பாட் ஈலோ ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். அவருடைய முறையை உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே 1970-ல் ஏற்றுக்கொண்டது. கணக்கு எளிது. இரண்டு பேருடைய ரேட்டிங் வித்தியாசத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். வித்தியாசம் பூஜ்யம் என்றால் ஆளுக்கு 50 சதவீதப் புள்ளி. 100 என்றால் பெரியவருக்கு 64, சின்னவருக்கு 36. 200 என்றால் 76-க்கு 24. 400 என்றால் 91-க்கு 9. வெற்றிக்கு ஒன்று, டிராவுக்கு அரை என்று சேர்த்துச் சொல்லும் எதிர்பார்ப்பு இது. மேலே சீட்டு விலையில் 11, 50 என்று போட்டது இதை வைத்துத்தான். பாதிக்குப் பாதி டிரா ஆகும் என்று வைத்துக்கொண்டால் 11-உம் 50-இல் பாதி 25-உம் சேர்ந்து 36.

அழகு இதற்கு அடுத்த படியில் இருக்கிறது. ஆட்டம் முடிந்ததும் ரேட்டிங் மாறும். குகேஷுக்கு எதிர்பார்ப்பு 0.36. அவர் ஜெயித்து ஒரு புள்ளி வாங்கினால், எதிர்பார்த்ததை விட 0.64 அதிகம். அந்த மட்டத்து ஆட்டக்காரர்களுக்குப் பெருக்கல் எண் 10. ஆக 6.4 புள்ளி குகேஷுக்கு ஏறும், அதே 6.4 கருவானாவிடமிருந்து இறங்கும். எதிர்பார்த்தபடி பெரியவர் ஜெயித்திருந்தால் அவருக்கு 3.6 மட்டுமே கிடைத்திருக்கும். ஒவ்வொரு ஆட்டமும் ஒரு வியாபாரம், ஒவ்வொரு ரேட்டிங்கும் ஒரு விலை. ஆடுகிறவர்கள் மட்டுமே இங்கே வியாபாரிகள். பார்வையாளருக்குக் கல்லாவில் இடமில்லை.

இந்தக் கணிப்பு எவ்வளவு சரி? இரண்டு பெரிய ஒத்தைக்கு ஒத்தைகளை எடுத்துப் பார்க்கலாம்.

2013 நவம்பர், சென்னை. ஆனந்த் எதிர் கார்ல்சன், உலக சாம்பியன் போட்டி. ஆனந்த் 2775, கார்ல்சன் 2870. வித்தியாசம் 95. கணக்குப்படி கார்ல்சனுக்கு ஒவ்வொரு ஆட்டத்திலும் 0.63 புள்ளி. போட்டி பத்து ஆட்டத்தில் முடிந்தது. பத்தால் பெருக்கினால் 6.3. நடந்தது? கார்ல்சன் 6.5, ஆனந்த் 3.5. அன்றைக்குச் சென்னையில் ஒரு கணிப்புச் சந்தை இருந்திருந்தால் ஆனந்த் சீட்டு என்ன விலை போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்... பாதிப்பேர் சீட்டை வாங்கியிருப்பது கணிப்பால் அல்ல, பாசத்தால்! அந்தப் பாசத்தை மறுபக்கம் நின்று விற்றுக் காசாக்கியிருப்பவர் ஆனந்தைப் பற்றி ஒரு கவலையும் இல்லாத யாரோ ஒருவர்.

2024 சிங்கப்பூர். குகேஷ் எதிர் டிங் லிரென். 2783-க்கு 2728. பதினாலு ஆட்டத்தில் குகேஷுக்கு எதிர்பார்ப்பு 8.1. கிடைத்தது 7.5. கிட்டத்தட்ட சரி. ஆனால் அந்த 7.5 எப்படி வந்தது? டிசம்பர் 12-ந்தேதி, பதினாலாவது ஆட்டம். எல்லோரும் டிரா என்று முடிவு கட்டி, டைபிரேக்குக்குத் தயாரான நேரம். 55-வது நகர்த்தலில் டிங் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். ஒரே கணத்தில் உலக சாம்பியன் பட்டம் கை மாறியது. எந்த விலையும் அதை முன்கூட்டிச் சொல்லியிருக்காது. சந்தை முட்டாள் என்பதால் அல்ல. அது டிங்குக்கே தெரியாது என்பதால்.

சந்தைக்குத் தெரிந்து ரேட்டிங்குக்குத் தெரியாதது

நியாயமாகச் சொன்னால் ரேட்டிங் கொஞ்சம் மந்தம். எட்டாவது சுற்றுக்கு வரும் முன் குகேஷ் தொடர்ந்து ஏழு ஆட்டம் ஜெயித்திருந்தார். ஒன்றுகூட டிரா இல்லை. 2684 என்ற எண்ணுக்கு அது தெரியாது, அது போட்டிக்கு முந்தைய எண். சந்தை இருந்திருந்தால் அந்த ஏழு வெற்றியையும் விலையில் ஏற்றியிருக்கும். 11 ரூபாய்ச் சீட்டு இன்னும் மேலே போயிருக்கும்.

அன்று குகேஷ் ஜெயித்தார். எட்டுக்கு எட்டு. பக்கத்துப் பலகைகளில் நிஹால் சரின் ஆரோனியனோடும் பிரக்ஞானந்தா வெஸ்லி சோவோடும் டிரா செய்ய, ரௌனக் சாத்வானி டொமிங்கஸை ஜெயித்தார். 3-1. சராசரி ரேட்டிங்கில் 120 புள்ளிக்கு மேல் கூடுதலாக இருந்த அமெரிக்க அணி விழுந்தது.

சந்தை ஆதரவாளர்கள் துள்ளிக் குதிக்கலாம். "பார்த்தீர்களா, ரேட்டிங் தவறு, ஃபார்ம்தான் சரி!" கொஞ்சம் பொறுங்கள். ஆகஸ்ட் 8, பத்தாவது சுற்று. குகேஷ் எதிர் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவ். குகேஷ் ஜெயிக்க வேண்டிய நிலை. அந்த நிமிடம் சந்தை இருந்திருந்தால் குகேஷ் சீட்டு தொண்ணூறைத் தொட்டிருக்கும், தங்கப் பதக்கச் சீட்டும் கூடவே ஏறியிருக்கும். கடிகாரத்தில் விநாடிகள் மட்டும் மிச்சம் இருந்தபோது ஒரு தவறு... ஆட்டம் கைவிட்டுப் போனது. அணி ஆட்டம் 2-2. பதினாலாவது இடத்தில் தொடங்கிய உஸ்பெகிஸ்தான் தங்கம் வாங்கியது, அர்மீனியா வெள்ளி, இந்தியாவின் இரண்டாவது அணி வெண்கலம். முதல் இடத்தில் தொடங்கிய அமெரிக்கா ஐந்தாவது.

'36 சதவீதம்' என்பதை 'தோற்பார்' என்று படிப்பதும், '90 ரூபாய்' என்பதை 'ஜெயித்தாயிற்று' என்று படிப்பதும் ஒரே தவறுதான். விலை என்பது ஜோசியம் அல்ல. பத்துத் தடவை தொண்ணூறு ரூபாய்ச் சீட்டு வாங்கினால் ஒரு தடவை குப்பைக்குப் போக வேண்டும். போகவில்லை என்றால்தான் விலை தப்பு!

யாருக்கு அதிகம் தெரியும்?

இந்த வாதத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. கணிப்புச் சந்தை நன்றாக வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு. தகவல் பல பேரிடம் துண்டு துண்டாகச் சிதறியிருக்க வேண்டும். தேர்தலில் அப்படித்தான். மதுராந்தகத்துக்காரருக்குத் தன் தெரு தெரியும், திருப்போரூர்க்காரருக்குத் தன் தெரு தெரியும். எல்லாத் தெருவும் சேர்ந்தால் ஒரு நல்ல விலை கிடைக்கும். ஒவ்வொருவரும் கொண்டுவருவது நேர்மையான துண்டு.

இரண்டு பேர் மோதும் ஆட்டத்தில் அப்படிச் சிதறிய தகவல் எங்கே இருக்கிறது? பழைய ஆட்டங்கள் எல்லாம் டேட்டாபேஸில், ரேட்டிங் ஃபிடே தளத்தில், நிலவரம் கம்ப்யூட்டர் திரையில். எல்லோருக்கும் தெரிந்தது எல்லோருக்கும் இலவசம். அதற்கு மேல் யாருக்காவது ஏதாவது தெரியும் என்றால் அது யார்? நேற்று ராத்திரி ஆட்டக்காரருக்குக் காய்ச்சல் என்று தெரிந்த பயிற்சியாளர். என்ன திறப்பு ஆடப் போகிறார் என்று தெரிந்த உதவியாளர். அரங்கத்துக்குள் உட்கார்ந்து முகத்தைப் பார்க்கிறவர். கடைசியாக, ஆடுகிறவரே.

அதாவது, ஒத்தைக்கு ஒத்தை ஆட்டத்தில் விலையை மேலும் துல்லியமாக்கக் கூடியவர்கள் யாரோ அவர்கள்தான் சந்தைக்குள் காலே வைக்கக் கூடாதவர்கள். அவர்கள் வராவிட்டால் விலையில் புதிதாகச் சேர்வது ரசிகர்களின் பாசம் மட்டும். அவர்கள் வந்துவிட்டால் அது மோசடி. இரண்டுக்கும் நடுவில் நேர்மையாக நிற்க மிகச் சின்ன இடம்தான் மிச்சம்.

இது கற்பனை பயம் அல்ல. 2014-ல் மெல்போர்னில் ஆஸ்திரேலிய ஓப்பன் டென்னிஸ் அரங்கத்தில் உட்கார்ந்து, டிவிக்குப் போவதற்கு முன்பே புள்ளிகளை வெளியே அனுப்பியதாக ஒருவர் கைதானார். வழக்கு பிறகு கைவிடப்பட்டது என்றாலும், சில விநாடிகளுக்கே இவ்வளவு விலை இருக்கிறது என்பது உலகத்துக்குத் தெரிந்தது. டென்னிஸில் நடக்கும் ஊழலை ஆராய்ந்த சுயேச்சைக் குழு 2018-ல் சொன்னது இன்னும் முக்கியம். பிரச்னை பெடரர், நடால் மட்டத்தில் அல்ல, பரிசுப் பணம் பயணச் செலவுக்கே போதாத கீழ்மட்டப் போட்டிகளில். அந்த ஆட்டங்களின் நேரடிப் புள்ளி விவரத்தைப் பந்தய நிறுவனங்களுக்கு விற்பதே வேண்டாம் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது.

அதைப் பூஞ்சேரிக்குப் பொருத்திப் பாருங்கள். பொதுப் பிரிவில் 188 அணி, பெண்கள் பிரிவில் 162 அணி. ஒரு சுற்றில் சுமார் 700 ஆட்டம். கேமரா சில ஆட்டங்களின் மேல். மிச்ச ஆட்டங்களில் செஸ்ஸைத் தொழிலாகக் கொள்ளாதவர்களும் உண்டு. அவர்களில் ஒருவர் மேல் சின்னதாகச் சீட்டு விற்றால் அந்தச் சந்தையில் பத்தாயிரம் ரூபாய் போட்டாலே விலை ஆடும். தோற்பதற்கு ஒரு தொகை பேசுவதும் சுலபம். செஸ்ஸில் வேண்டுமென்றே தோற்பதைக் கண்டுபிடிப்பது மிகக் கஷ்டம். உலக சாம்பியனே 55-வது நகர்த்தலில் தவறு செய்கிறார், பெயர் தெரியாதவர் செய்தால் யார் சந்தேகப்படுவார்கள்?

சென்னைக்காரர்களுக்கு இது புதிய பாடமும் அல்ல. 2013 ஐ.பி.எல் பந்தய விவகாரத்தின் முடிவில், 2015-ல் லோதா குழு தந்த தீர்ப்பால் 2016, 2017 இரண்டு வருடமும் மஞ்சள் ஜெர்சி மைதானத்தில் இல்லை. ஆடியவர்கள் நன்றாகத்தான் ஆடினார்கள். வெளியே கட்டிய பந்தயத்துக்கு ரசிகர்களும் சேர்ந்து தண்டனை அனுபவித்தார்கள்.

எதிர்ப்பக்கம் யார்?

இன்னொரு கணக்கும் உண்டு. பங்குச் சந்தையில் கம்பெனி சம்பாதித்தால் பங்கு வைத்திருக்கும் எல்லோருக்கும் லாபம் வரலாம். கணிப்புச் சீட்டில் அப்படி வராது. ஒருவர் வாங்கிய நூறு ரூபாயும் இன்னொருவர் விட்ட பணம். அதில் கமிஷனும் போனால், ஆடுகிற எல்லோருடைய கணக்கையும் கூட்டினால் எப்போதும் நஷ்டம்தான்.

லோக்கல் ரயில் பையன் ஆறு ரூபாய்க்கு 'ஆம்' வாங்கும்போது எதிர்ப்பக்கம் நாலு ரூபாய்க்கு 'இல்லை' வாங்குவது யார்? அவனைப் போல இன்னொரு பையனாக இருக்கலாம். முழு நேரமும் இதையே தொழிலாகச் செய்யும், பத்து வருடப் புள்ளிவிவரத்தைக் கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் ஒருவராகவும் இருக்கலாம். திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். செஸ் அரங்கத்தில் 2000 ரேட்டிங்காரரை 2700 ரேட்டிங்காரர் முன் உட்கார வைத்தால் குறைந்தபட்சம் எதிரே யார் என்று பெயர்ப்பலகையில் எழுதியிருப்பார்கள்!

ஆக, தெர்மாமீட்டர் வாதம் இங்கே நிற்காது. தெர்மாமீட்டர் காய்ச்சலை அளக்கும், காய்ச்சலை உண்டாக்காது. இந்தச் சந்தை தான் அளக்க வந்த ஆட்டத்தையே கெடுக்கக் கூடியது. தடை சரியா என்று கேட்டால், நேருக்கு நேர் விளையாட்டைப் பொறுத்தவரை பணத்தைத் தடுத்தது சரி. தடை போட்டால் கள்ளத்தனமாக நடக்கும் என்பது உண்மைதான். ஆனால் கள்ளத்தனமாக நடப்பதைத் தேடிப் போக வேண்டும். ரயில் ஜன்னலோரத்துக்கு அது தானாக நோட்டிஃபிகேஷன் அனுப்பாது. அந்த வித்தியாசம் பெரியது.

பணம் இல்லாமல் கணிக்கலாம்

இதோடு நிறுத்தினால் ஒரு நல்ல விஷயம் வீணாகிவிடும். கணிப்பது கெட்ட பழக்கம் அல்ல. "கண்டிப்பா குகேஷ்தான்" என்று சொல்கிறவரை "எத்தனை சதவீதம்?" என்று கேட்டுப் பழக்குவது மிக நல்ல பழக்கம். கணிப்புச் சந்தையில் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் கேள்வி ஒன்றுதான். அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

மார்க் போடும் முறை இது. சொன்ன சதவீதத்துக்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து அதையே அதனால் பெருக்க வேண்டும். மார்க் குறைந்தால் நல்லது. ஒரு வகுப்பில் மூன்று பேர் என்று வைத்துக்கொள்வோம். 'குகேஷ் கருவானாவை ஜெயிப்பாரா?' என்ற கேள்விக்கு முதலாமவர் 10 சதவீதம் என்றார், இரண்டாமவர் 60. ஜெயித்துவிட்டார். முதலாமவருக்கு 0.9-ஐ 0.9-ஆல் பெருக்கி 0.81. இரண்டாமவருக்கு 0.16. அடுத்தது 'அப்துசத்தோரோவை ஜெயிப்பாரா?' முதலாமவர் 30, இரண்டாமவர் 80. ஜெயிக்கவில்லை. முதலாமவருக்கு 0.09, இரண்டாமவருக்கு 0.64. மொத்தம் 0.90-க்கு 0.80.

இரண்டாமவர் முந்தினார் என்று கைதட்டும் முன் மூன்றாமவரைப் பாருங்கள். அவர் இரண்டு தடவையும் "தெரியாது, பாதிக்குப் பாதி" என்று சொல்லி 0.25, 0.25 வாங்கி 0.50-ல் முதலிடத்தில் நிற்கிறார்! தெரியாததைத் தெரியாது என்று சொன்னதற்கு இந்தக் கணக்கு மரியாதை தருகிறது. நூறு ஆட்டம் எழுதினால்தான் உண்மையில் யாருக்குக் கணிக்கத் தெரியும் என்பது வெளியே வரும். அதுவரை யாருடைய மெஸ் பணமும் கரையாது, யாருடைய ஆட்டமும் கெடாது.

ஒலிம்பியாட் முடிந்தபோது குகேஷ் 11-க்கு 9 எடுத்து முதல் பலகையின் தனிநபர் தங்கத்தை வாங்கினார். பத்தாவது சுற்றில் கைவிட்டுப் போன அந்த ஒரு ஆட்டமும் அந்தக் கணக்கில் சேர்ந்துதான் இருக்கிறது. இரண்டு வருடம் கழித்து உலக சாம்பியன். 2022 ஆகஸ்டில் அந்தச் சீட்டை யாராவது நூறு ரூபாய்க்கு ஐந்து ரூபாய் என்று விற்றிருந்தால் எத்தனை பேர் வாங்கியிருப்பார்கள்?

இப்போது கேட்டால் எல்லோரும் "அப்பவே தெரியும்" என்பார்கள். நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்தவர் யாராவது இருந்தால் மட்டும் நம்பலாம்.